புதிய பதிப்பில் இல்லாத வரி

பிள்ளைகள் கதைப் பாத்திரங்களாக வேடமிட்டு வரும் உலகப் புத்தக நாளன்று பிற்பகல், ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரின் பள்ளிக்கூடம் ஒன்றின் பெரிய மண்டப வாயிலில் நின்றுகொண்டு, கிளைவ் பினக் தம் காலணிகளை மிதியடியில் மீண்டும் மீண்டும் தேய்த்துக்கொண்டிருந்தார். காலணிகளில் சேறு ஏதும் இல்லை. உள்ளே தரை முழுவதும் கடற்கொள்ளையரும், சூனியக்காரிகளும், காகிதக் காதுகள் ஒட்டிய முயல்களும் சப்பணமிட்டு அமர்ந்திருந்தனர். வேடம் தைக்க நேரமில்லாத வீட்டுப் பிள்ளைகள் சிலர் வழக்கம்போலக் கால்பந்துச் சட்டையோடு வந்து, கேட்டவர்களிடம் ஏதோ ஒரு வீரரின் வாழ்க்கை வரலாற்றைக் காரணம் கூறிக்கொண்டிருந்தனர். முன்வரிசையில், தலையைவிடப் பெரிய வெள்ளைக் காகிதத் தொப்பியும், கணுக்கால்வரை தொங்கிய சமையல் மேலாடையும், கையில் வீட்டுச் சூப்பு அகப்பையுமாக அவருடைய மகள் கெசியா இருந்தாள். தந்தை வந்துவிட்டாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததில் தொப்பி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

அவள் ஏற்றிருந்த வேடம், ‘மேரிகோல்ட் கப்பலேறிய நால்வர்’ என்னும் கதையில் வரும் கப்பல் சமையற்காரர் டாமினுடையது. பாதிரியார் ஒருவரின் மனைவி தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் எழுதிய கதை அது. புத்தகம் என்று நாலே நாலு வைத்திருக்கும் வீட்டிலும் அதில் ஒன்று அதுவாகவே இருக்கும். சென்ற கிறிஸ்துமசுக்குக் கெசியாவின் பெரியம்மா அதன் புதிய பதிப்பைப் பரிசளித்தாள். அப்பதிப்பில் டாம் நரைத்த தாடியும் கரும்பழுப்பு மேனியும் கொண்ட பெரிய மனிதர். விண்மீன்களைப் பார்த்தே திசை அறிபவர். புயலில் எல்லாரும் நடுங்கிக் கிடக்கையில் அடுப்பை அணையவிடாமல் சூப்புக் காய்ச்சி நால்வரையும் தேற்றுபவர். புத்தகம் முழுவதும் தன் நிறத்தில் ஒருவர்தாம் உண்டு என்பதைக் கெசியா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். அன்றுமுதல் அவளுக்கு டாம்தான் எல்லாம்.

கிளைவ் படித்த பழைய பதிப்பில் அச்சமையற்காரரின் பெயர் டாம்பா.

புதிய பதிப்பு வீட்டிற்கு வந்த இரவு, மகள் உறங்கிய பின் கிளைவ் அதைக் கையிலெடுத்து, சமையலறைக் காட்சி வரும் இடத்தைத் தேடினார். டாம்பா கொதிக்காத சூப்பில் தன் முகத்தையே பார்த்துப் பேய் என்று அலறி, பற்கள் தந்தியடிக்க, நால்வரில் கடைக்குட்டியின் காலைக் கட்டிக்கொள்ளும் இடம் அது. புதிய பதிப்பில், ‘அட, இங்கே யாரோ என்னைப் போலவே இருக்கிறாரே!’ என்று சொல்லி டாம் சிரிக்கிறார், பிள்ளைகளும் சிரிக்கிறார்கள், கதை மேலே செல்கிறது. வெட்டிய இடமும் தெரியவில்லை, தைத்த இடமும் தெரியவில்லை. அவருக்கு மகிழ்ச்சி உண்டாகியிருக்க வேண்டும். உண்டாகவில்லை. தம் வீட்டில் நடந்த திருட்டைக் குறித்துச் சொல்லப் போனவருக்கு, அப்படியொரு வீடே அத்தெருவில் இருந்ததில்லை என்று பதில் கிடைத்ததைப் போலிருந்தது.

இதை மனைவி மார்சியாவிடம் சொல்லிப் பார்த்தார். பல் மருத்துவமனை வரவேற்பில் நாள் முழுவதும் நின்றுவிட்டு வந்து, கால்களை நாற்காலியின்மேல் நீட்டியிருந்தாள் அவள்.

“நல்லதுதானே செஞ்சிருக்காங்க கிளைவ். நாம பட்டதை அவளும் படணுமா?”

“படணும்னு சொல்லல. இன்ன இடத்துல இன்னதை மாத்தியிருக்கோம்னு முன்னாடி ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்ல?”

“ஏழு வயசுப் புள்ளை முன்னுரை படிக்குமாக்கும். நீயே படிக்க மாட்டே.”

அவர் சிரித்துவிட்டார். அப்பேச்சு அத்தோடு முடிந்தது. நாம் பட்டது என்று மார்சியா பொதுவாகச் சொன்னாள். அப்புத்தகத்தால் கிளைவ் பட்டது இன்னதென்று அவளுக்குத் தெரியாது. அவர் சொன்னதில்லை. பட்டது என்று சொல்லத் தமக்கு உரிமை உண்டா என்பதிலேயே அவருக்கு ஐயம் இருந்தது.

இதே ஹட்டர்ஸ்ஃபீல்டில், குன்றின் மறுசரிவில் கிளைவ் சிறுவயதில் படித்த பள்ளியில், ஹர்ஸ்ட் என்னும் ஆசிரியர் வெள்ளிக்கிழமைகளின் கடைசிப் பாடவேளையில் கதை படிக்கச் செய்வார். ஆளுக்கொரு பாத்திரம். சாளரக் கதவை மூடும் நீண்ட கோலை வகுப்பிலேயே உயரமான பையனிடம் கொடுப்பதுபோல, வெகு இயல்பாக, டாம்பாவின் பேச்சை அவர் கிளைவிடம் கொடுத்தார். அப்போது கிளைவ் வாயைத் திறக்காத பையன். இடைவேளைகளில் கைகழுவும் இடத்தில் நின்றே பொழுதைக் கழிப்பவன். ஹர்ஸ்ட் சொல்லித் தந்த முறை ஒன்று உண்டு: வரியைக் கண்ணால் முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும், பின்னர்த் தலையை நிமிர்த்தி எதிரிலிருக்கும் முகங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் நிமிர்ந்தான். விழிகளை உருட்டினான். பற்களைக் கடகடவென்று அடித்தான். புத்தகத்தில் இருந்ததற்கு மேலேயே செய்தான். வகுப்பு மேசைகளைத் தட்டிச் சிரித்தது; ஹர்ஸ்ட் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலையே கால்பந்தில் அவனைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்ள இரண்டு அணிகள் சண்டையிட்டன. அவ்வாண்டு முழுவதும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையையும் அவன் ஆவலோடு எதிர்பார்த்தான். கிளைவின் பள்ளி வாழ்க்கையிலேயே இனிய காலம் அதுதான். நெஞ்சில் முள்ளாக நின்றதும் அதுவே.

பெயரும் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் பையன்கள் வீட்டு வாசலுக்கே வந்து, டாம்பா விளையாட வருவானா என்று கேட்டனர். அப்படி யாரும் இங்கே இல்லை என்று ஈரக்கையோடு கதவைச் சாத்திவிட்டுத் தாய் உள்ளே வந்து அவனைப் பார்த்தாள். அது கால்பந்துப் பெயர் என்று அவன் பொய் சொன்னான். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். பின்னர் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அவள் நம்பிவிட்டாள் என்றே இத்தனை ஆண்டுகளும் எண்ணிக்கொள்ள அவர் முயன்றிருக்கிறார்.

கெசியாவும் வாய் திறவாத பிள்ளை. அவளை யாரும் விளையாட்டில் சேர்த்துக்கொள்வதில்லை என்பதை வகுப்பாசிரியை மிஸ் ஆம்ப்ளர் இலையுதிர் காலத்துப் பெற்றோர் சந்திப்பில் மிகவும் மென்மையாகக் கூறியிருந்தார். அப்படிப்பட்டவள் ஒருநாள் தானாகவே கையை உயர்த்தி, தன் தந்தைக்கு மேரிகோல்ட் கதை முழுவதும் மனப்பாடம் என்றும், எல்லாக் குரலிலும் படிப்பார் என்றும் அறிவித்துவிட்டாள். புத்தக நாளில் வந்து படிக்க முடியுமா என்று மிஸ் ஆம்ப்ளரின் அழைப்பு வந்தது. முடியாது என்று சொல்லக் கிளைவுக்குக் காரணம் ஏதும் அகப்படவில்லை. உள்ளூர அவருக்கு அது பிடித்தும் இருந்தது.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஒரு பாடத்திற்கும் அடுத்த பாடத்திற்கும் இடையே வண்டியை ஓரமாக நிறுத்தி, புதிய பதிப்பை உரக்கப் படித்துப் பழகினார். ஓரிடத்திலும் தடுக்கவில்லை. டாமுக்கு ஒரு நல்ல குரலும் கண்டுபிடித்தார், தம் மாமா ஒருவரின் நிதானமான, ஆழ்ந்த குரல். சந்தையருகே உள்ள தெரு ஒருவழிப் பாதையாகி வெகுநாள் ஆகியும், உரிமம் பறிபோய் மறுபடியும் கற்க வருகிற பழைய ஓட்டுநர்கள் பேச்சு சுவாரசியத்தில் அங்கே பழையபடி எதிர்த்திசையில் திருப்பிவிடுவார்கள். பலகை கண்ணுக்கெதிரே இருக்கும். ஆயினும் கை பழகிய வழியிலேயே போகும். அதற்காகத்தான் கிளைவின் காலடியில் இன்னொரு பிரேக் இருந்தது.

மண்டபத்தில் அவருக்கு இட்ட நாற்காலி பிள்ளைகளுக்கானது. முழங்கால்கள் மார்பைத் தொட அதில் அமர்ந்து படிக்கத் தொடங்கினார். சுவரோரமாகப் பெற்றோரும் தாத்தாக்களும் நின்றிருந்தனர். அவர்களிடையே அவருடைய பள்ளித் தோழன் கேரி லாட்ஜ், தன் பேரன் ஆல்ஃபியின் மேலுடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தொடக்கத்தில் பிள்ளைகள் நெளிந்தனர். கப்பல் தலைவரின் கரகரத்த குரலுக்குச் சிலர் சிரித்தனர். கிளிக்கு இன்னும் சிலர். சிரிப்பு ஏற ஏறக் கிளைவின் தோள்கள் இளகின. பக்கத்தைப் பார்ப்பது குறைந்து, முகங்களைப் பார்ப்பது மிகுந்தது. புயல் வந்தது. சமையலறை வந்தது. டாம் பானைக்குள் குனிந்தார். ‘அட’ என்னும் சொல்லைக் கண்ணால் எடுத்துக்கொண்டு கிளைவ் தலையை நிமிர்த்தினார். முன்வரிசையில் கெசியா வாயைப் பிளந்து காத்திருந்தாள்.

“ஐயோ தொரே! டாம்பா பயம் பண்ணுது! பானைக்குள்ளே கறுப்புப் பேய் இருக்குது! டாம்பா நல்ல பையன் தொரே, பேயைப் போகச் சொல்லு!”

விழிகள் உருண்டன. பற்கள் கடகடத்தன. எல்லாம் அதனதன் இடத்தில், ஒரு நாள் பழக்கமும் தேவைப்படாமல், அப்படியே இருந்தன.

மண்டபம் அதிர்ந்தது. கடற்கொள்ளையர் முயல்களின்மேல் விழுந்து புரண்டனர். அந்தச் சிரிப்பு மார்பில் வந்து மோதிய அந்த நொடியில், வெட்கம் வந்து சேர்வதற்கு முன்னால், கிளைவ் மகிழ்ந்தார். பின்னாளில் எதை மறந்தாலும் அதை மறக்க முடியாது என்பது அவருக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. கையிலிருந்த பக்கத்தில் ‘அட’ என்னும் சொல் இன்னும் அவருக்காகக் காத்திருந்தது. மிஸ் ஆம்ப்ளர் மடியில் விரித்திருந்த தம் பிரதியில் விரலை வைத்து, மேலும் கீழுமாக ஏதோ தேடினார். தேடியது கிடைக்காமல் அவர் முகம் கழுத்துவரை சிவந்தது. சுவரோரத்தில் ஒரு தாய் தன் கைப்பையின் வாரைச் சரிசெய்யலானாள். எல்லாருக்கும் மேலாகக் கேட்டது கெசியாவின் சிரிப்பு. இவர் என் அப்பா என்று இருபுறமும் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கிளைவ் எஞ்சிய பக்கங்களை ஒருமுறைகூடத் தலை நிமிராமல் படித்து முடித்தார்.

கைத்தட்டல் ஓய்ந்து பிள்ளைகள் வெளியேறும்போது மிஸ் ஆம்ப்ளர் அவரருகே வந்தார்.

“மிஸ்டர் பினக், நான் கூடவே படிச்சிட்டு வந்தேன். அந்த இடம் மட்டும் என் புத்தகத்துல...”

“இருக்காது மிஸ். பழசுல இருந்தது.”

“அப்பவே நிறுத்தியிருக்கணும் நான். ஆனா நீங்களே சொல்றப்ப, உங்களை எப்படி நான் போய்...”

இருவரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டனர். எதற்காக என்பதை இருவருமே சொல்லவில்லை. இளம் ஆசிரியை, நல்லவர், இன்றிரவு இதை எண்ணி உறங்காமல் கிடக்கப் போகிறார் என்று நினைத்தபோது, அதற்கும் சேர்த்து அவருக்குக் கூசிற்று.

வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கேரி எதிரில் வந்து அவர் தோளில் ஓங்கி அடித்தான். தரைவிரிப்புப் போடும் தொழிலில் முழங்கால் தேய்ந்து நொண்டி நடப்பவன். மார்சியாவின் பிரசவத்தன்று பனியில் வண்டி கொண்டு வந்து நின்றவனும் அவன்தான்.

“டாம்பா! டேய், அச்சு அசல் அப்படியே இருக்குடா. ஹர்ஸ்ட் சார் இருந்திருந்தா அழுதிருப்பாரு.”

“வாய் தவறிடுச்சு கேரி.”

“தவறுனா என்ன? அந்த ஒரு இடத்துலதான்டா கதையே உசிரோட இருந்துச்சு. இப்பதான் எல்லாத்தையும் கழுவிக் கழுவி வெறும் தண்ணியாக்கிட்டானுங்களே. கேட்டா, மனசு நோகுமாம். யாருக்குடா நொந்துச்சு? உனக்கு நொந்துச்சா? எங்களைச் சிரிக்க வெச்சதே நீதானேடா.”

கேள்வியில் நஞ்சில்லை. அவன் உண்மையாகவே கேட்டான்; பதிலைத் தெரிந்துகொள்ளும் விருப்பம்கூட அவன் முகத்தில் இருந்தது. அவ்விருப்பத்தைக் கிளைவ் அதற்குமுன் அவனிடம் கண்டதில்லை. நொந்தது என்று சொல்லலாம். சொன்னால், பிறகு ஏன் அவ்வளவு நன்றாகச் செய்தாய் என்று கேரி கேட்பான். கேட்காவிட்டாலும் கிளைவே கேட்டுக்கொள்வார். அவர் வாயைத் திறந்தார். சொல் வருமுன்னரே முகம் சிரித்துவிட்டது. பையிலேயே வைத்துக்கொண்டு திரியும் சில்லறை போன்றது அச்சிரிப்பு. யார் கை நீட்டினாலும் தயங்காமல் வெளியே வந்துவிடும்.

“அதானே,” என்று கேரி இன்னொருமுறை தோளில் தட்டினான். அவன் நாளை மதுக்கடையில் இதைச் சொல்லுவான். கிளைவுக்கே நோகவில்லையாம் என்பான். கிளைவ் சொன்னதாகவே அது ஊரில் நிற்கும்.

அதற்குள் மைதானத்தின் கோடியில் ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. நடுவில் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. “டாம்பா, முழியை உருட்டு! டாம்பா, இங்க பாரு!” என்று ஆல்ஃபி கத்தினான். கெசியா அகப்பையை எறிந்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்து, முழங்கால்கள் ஒன்றோடொன்று மோத நடுங்கிக் காட்டினாள். பிள்ளைகள் கூவினர். ஒரு சூனியக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு எங்களோடுதான் என்று இழுத்தாள். ஒரு முயல் மறுகையைப் பற்றிற்று. கெசியாவின் முகத்தில் இருந்த ஒளியைத் தந்தை அதற்கு முன்னர்ப் பள்ளி வாசலில் ஒருநாளும் கண்டதில்லை. வேறெங்கோ கண்டிருக்கிறார். எங்கே என்று அவர் தேட வேண்டியிருக்கவில்லை.

காரின் உச்சியில் ‘பினக் ஓட்டுநர் பயிற்சி’ என்னும் பலகை நனைந்துகொண்டிருந்தது. கெசியாவைப் பின்னிருக்கையின் இடப்பக்கத்தில் அமர்த்தி, வாரைப் பூட்டினார். ஈரத்தில் தொப்பி குழைந்து அவள் நெற்றியில் இறங்கியிருந்தது. கழற்ற மாட்டேன் என்றாள். வண்டி குன்றில் இறங்கலாயிற்று. இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று கிளைவ் முடிவு செய்தார். நாளைக் காலைக்குள் பெயர் காய்ந்து இறுகிவிடும். ஒருமுறை இறுகினால் எவ்வளவு நாள் நிற்கும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? முதல் போக்குவரத்து விளக்கில் நிற்கும்போது சொல்லலாம் என்று எண்ணினார். முதல் விளக்கு பச்சையாக இருந்தது. அதற்கு நன்றியும் தோன்றிற்று, அந்த நன்றியால் வெட்கமும் தோன்றிற்று.

“அப்பா, நாளைக்கு மூணு பேர் என்னைச் சேர்த்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க.”

“அப்படியா கண்ணு.”

“ஆல்ஃபிகூட. அவன் இதுவரைக்கும் என் பேரே சொன்னதில்ல.”

இப்போதும் சொல்லவில்லையே என்று அவர் நாக்கு நுனிவரை வந்தது.

இரண்டாம் விளக்கில் வண்டி நின்றது. பயிற்சிக்கென்று அவர் பொருத்தியிருந்த இரண்டாவது கண்ணாடி, ஓட்டுநர் இருக்கையில் இருந்து பார்க்கையில் பின்னிருக்கையின் இடமூலையைக் காட்டும். அதில் மகள் தெரிந்தாள். சன்னல் கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்து, ஒலியில்லாமல், விழிகளை உருட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். வலமிருந்து இடம் சரியாக வந்தது. இடமிருந்து வலம் வரும்போது இமை மூடிக்கொண்டது. பொறுமையாக மறுபடியும் தொடங்கினாள். விளக்கு பச்சையானதை அவர் பார்த்தார். பின்னால் நின்ற வண்டி ஒலி எழுப்பாமல் காத்திருந்தது. சிறிது தூரம் சென்று, கருங்கல் மதிலோரமாக வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்தார்.

“ஏம்ப்பா நின்னுட்டோம்?”

“ஒண்ணு சொல்லணும். நான் இன்னைக்குப் படிச்சேனே, அந்த இடம்...”

“நானும் அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்!” என்று அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். முன்னிருக்கைகளுக்கு இடையே எட்டி, அவர் பார்க்கும்படி அதை விரித்துப் பிடித்தாள். “மண்டபத்துலயே தேடினேன், காணோம். நாளைக்கு எல்லாருக்கும் நான் செஞ்சு காட்டணும். எந்தப் பக்கம்ப்பா?”

தவறு என்று காட்டுவதற்கு அப்பக்கத்தில் ஒன்றும் இல்லை. வெண்தாடிப் பெரியவர் ஒருவர் பானைக்குள் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வரி ஏன் தவறென்று சொல்ல வேண்டுமானால், முதலில் அவ்வரியைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சொல்லாக, அது யாரைக் குறித்தது, யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவைத்தார் என்பதுவரை. புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி அது இருக்கும் இடம் இவ்வூரில் அவர் வாய் ஒன்றுதான். இன்று பிற்பகல் முதல் அவளுடையதும்.

“இதோ, ‘அட, இங்கே யாரோ’ன்னு இருக்கே. இதுக்கு முன்னாடியா வரும், பின்னாடியா?”

அணைக்க மறந்த இடப்பக்கச் சைகை விளக்கு டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. தொப்பியின் ஈர விளிம்பிலிருந்து ஒரு சொட்டு நீர் பக்கத்தின்மேல் விழுந்து பரவிற்று. அவள் அதை மேலாடையின் நுனியால் ஒற்றிவிட்டு, இரண்டு வரிகளுக்கு இடையே இருந்த வெண்மையில் விரலை வைத்துக்கொண்டு, தந்தையின் வாயைப் பார்த்தபடி காத்திருந்தாள்.